சிங்கப்பூரில் பதினான்கரை மணி நேரம்: அம்மாவோடு வெளியே போய்த் திரும்ப முடியுமா?

சென்னையிலிருந்து மெல்பர்ன் செல்லும் வழியில் காலை 6.15 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள். அடுத்த விமானம் இரவு 8.45 மணிக்கு, உடன் 66 வயது அம்மா வருகிறார், இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. இந்த இடைவெளியில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளைப் படிக்கும்போது உங்கள் கவலை வேறு என்று தெரிகிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே போக அனுமதி கிடைக்குமா, போனால் நேரத்துக்குத் திரும்ப முடியுமா, அம்மாவின் உடம்பு தாங்குமா என்பவைதான் நீங்கள் அறிய விரும்புபவை. திருச்சியில் பல ஆண்டுகளாகப் பயண முகவராக இருக்கிறேன். சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் கேட்கும் கேள்வியும் இதுதான். ஆகவே இடங்களைப் பிறகு வைத்துக்கொண்டு அனுமதியிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், 96 மணி நேரத்துக்குள் சிங்கப்பூரை விட்டுப் புறப்படும் உறுதியான பயணச்சீட்டும் வைத்திருக்கும் இந்தியர்கள், மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ, தனி விசா இல்லாமல் உள்ளே வரலாம். ஆஸ்திரேலிய விசாவோடு மெல்பர்ன் போகிற உங்கள் இருவருக்கும் இது பொருந்தும். அந்த விசாவுக்கு நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது ஆயுள் மீதமிருக்க வேண்டும். திரும்பி வரும்போது பொருந்தும் நிபந்தனைகள் சற்றே மாறுபடுவதால், அந்தப் பயணத்துக்கு முன் சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள். ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, மின்னணுப் பதிவாகவே இருக்கிறது என்பதால், விசா வழங்கப்பட்ட கடிதத்தை இருவருக்கும் தனித்தனியே அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்லி, வரிசையில் நின்றபடி மின்னஞ்சலைத் தேடுகிறவர்களால் பின்னால் நிற்பவர்களுக்கும் தாமதம்.

விசா தேவையோ இல்லையோ, வெளியே போகிற ஒவ்வொருவரும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் பக்கம் எதிர்ப்பட்டால் அது அரசுப் பக்கம் அல்ல என்று மூடிவிடுங்கள். கடவுச்சீட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. நுழைவு அனுமதி மின்னஞ்சலில் வரும் என்பதால், அட்டையில் அம்மாவுக்கும் உங்கள் மின்னஞ்சலையே கொடுத்துவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. ஆவணங்கள் ஒழுங்காக இருப்பவர்களுக்குச் சிக்கல் வருவது அரிது என்பது அனுபவம். வராது என்று எந்த முகவரும் உறுதி கூற முடியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விவரம்: இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா? ஒரே முன்பதிவு என்றால், பெட்டிகள் சென்னையிலேயே மெல்பர்ன் வரைக்கும் பதிவாகிவிடும். முகப்பில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் சீட்டைக் கண்ணால் பாருங்கள். அதில் மெல்பர்னின் குறியீடான எம்இஎல் (MEL) என்று பெரிதாக அச்சாகியிருக்க வேண்டும். எஸ்ஐஎன் (SIN) என்று முடிந்திருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும் என்று பொருள். அங்கேயே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது போர்டிங் பாஸையும் சென்னையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். விலை குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருந்தால் கதையே வேறு. சிங்கப்பூரில் குடிநுழைவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து, வேறு முகப்பில் மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டு நிறுவனங்களுமே கைவிரித்துவிடும். பதினான்கரை மணி நேர இடைவெளி இருப்பதால் உங்களுக்கு அந்த ஆபத்து குறைவுதான் என்றாலும், பெட்டிகளை விமான நிலையத்தின் பொருள் காப்பகத்தில் பணம் கட்டி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் போக முடியும். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மலிவாகக் கிடைத்த சீட்டு அவ்வளவு மலிவாக இருக்காது.

இனி நேரக் கணக்கு. பயணச்சீட்டில் தெரியும் பதினான்கரை மணி நேரம் முழுவதும் உங்களுடையது அல்ல. இறங்கி, நடந்து, குடிநுழைவைக் கடக்க ஒரு மணி நேரம் என்று வையுங்கள். சில நாட்களில் இருபது நிமிடத்தில் முடியும், நான்கைந்து பெரிய விமானங்கள் ஒன்றாக இறங்கிய காலையில் ஒரு மணி நேரமும் போதாது. நகருக்குப் போக முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பாக, அதாவது 5.45-க்கெல்லாம், திரும்பி வந்திருக்க வேண்டும். இப்படிக் கழித்தாலும் ஒன்பது மணி நேரம் மிஞ்சும். ஆனால் இதில் உடம்பின் கணக்கு சேரவில்லை. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நீங்கள் இறங்கும் 6.15, அம்மாவின் உடம்புக்கு அதிகாலை 3.45. முந்தைய இரவில் விமானத்தில் சாய்ந்து கண்ணயர்ந்ததைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த இரவும் விமானத்தில்தான். ஆகவே ஒன்பதில் ஐந்து மணி நேரத்தை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டு மீதியை ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

அப்படியானால் ஓய்வு முதலிலா, ஊர் முதலிலா? பலரும் முதலில் படுத்து எழுந்து போகலாம் என்று நினைக்கிறார்கள். நான் ஊரை முன்னால் வைப்பேன். சிங்கப்பூரில் வெயிலும் புழுக்கமும் நண்பகலுக்கு மேல்தான் கடுமையாகும்; பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவதும் சாதாரணம்; கோயில்களின் நடை பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். அதற்காக இறங்கியதும் ஓடவும் வேண்டாம். அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் விடியும். வார நாட்களில் எட்டு, எட்டரைக்கு எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல் இருக்கும். குடிநுழைவைக் கடக்கும் முன், விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதியிலேயே, கட்டணம் கட்டினால் குளிக்க வசதியான ஓய்வறைகள் உண்டு. குளித்து, உடைமாற்றி, இட்லியோ ரொட்டியோ எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு, 8.30-க்கு மேல் குடிநுழைவைக் கடந்தால் போதும்.

சாங்கி விமான நிலைய எம்ஆர்டி நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களின் அடித்தளத்தில் இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் தானா மேராவில் மாறி, சிட்டி ஹால் போகச் சொல்கின்றன. உங்கள் நோக்கத்துக்கு அதைவிட நல்ல வழி, அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவிலேயே இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறிவிடுவது. தமிழர்கள் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே பாதையில் அமைந்திருக்கின்றன: லிட்டில் இந்தியாவுக்கு ஜாலான் புசார், அங்கிருந்து மூன்றாவது நிறுத்தமான சைனாடவுன், அதற்கு அடுத்த தெலுக் ஆயர், இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டினால் மரினா பே கட்டடங்களுக்கும் கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் பேஃபிரண்ட். லிட்டில் இந்தியா என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறதே என்று அதுவரை உட்கார்ந்திருந்தால், ரயில் நகரின் தெற்கு முழுவதையும் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேரும். ஜாலான் புசாரில் இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியாவின் முதன்மைச் சாலையான சிராங்கூன் ரோடு பத்து நிமிடம். தனியே டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. தொடாமல் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை வாயிலில் நேரடியாகத் தட்டலாம். சென்னையில் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் திறந்து வையுங்கள். ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும் என்பதால் அம்மாவுக்குத் தனி அட்டை வேண்டும். ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதும் குற்றமே. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரம் குறைவாக உள்ள ஊர்ச்சுற்றலில் நான் எல்லோருக்கும் சொல்லும் முறை ஒன்று உண்டு. முதலில் தொலைவில் உள்ள இடத்துக்குப் போங்கள். பிறகு ஒவ்வொரு இடமாக விமான நிலையத்தை நோக்கி வாருங்கள். அப்போது எந்த இடத்தில் களைத்துப் போனாலும், எந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டாலும், திரும்பும் வழியின் ஒரு பகுதி ஏற்கெனவே கடந்திருக்கும். ஆகவே ஜாலான் புசாரைத் தாண்டி நேரே சைனாடவுன் போய் இறங்குங்கள். அங்கிருந்து சிறிது நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து இறங்கிய நாராயண பிள்ளை, 1827-இல் பலகையும் கூரையுமாக எழுப்பியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். தீபாவளிக்கு முன் இங்கே தீமிதி நடக்கும். அதன் பக்கவாட்டில் ஓடும் பகோடா தெரு, கோபுரத்தை வைத்தே அந்தப் பெயரைப் பெற்றது. அதே வரிசையில் சில அடி தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல். சீனர்களின் பேட்டை என்று பெயர்பெற்ற இடத்தின் முதன்மைத் தெருவில், இருநூறு ஆண்டுகளை நெருங்கும் இரண்டு தமிழ் வழிபாட்டிடங்கள் அருகருகே நிற்பதை அம்மாவுக்குக் காட்டுங்கள். உயரக் கட்டடங்களைவிட அது அவருக்கு நினைவில் நிற்கும் என்று நினைக்கிறேன். தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்காவும் இருக்கிறது. உங்களுக்கு நாகை, நாகூர்ப் பக்கம் தொடர்பு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அம்மாவின் கால்களை முன்னிட்டு விட்டுவிடலாம்.

10.45 வாக்கில் திரும்ப ரயிலேறினால், மூன்றாவது நிறுத்தம் ஜாலான் புசார். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். தைப்பூசத்தன்று பால்குடங்களும் காவடிகளும் புறப்படும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் அதே சாலையில் இன்னும் மேலே இருக்கிறது; ஒரே முற்பகலில் மூன்று கோயிலும் வேண்டும் என்று அம்மா கேட்டால் ஒழிய அது வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ் போதும்; சைவச் சாப்பாடு, தமிழிலேயே கேட்கலாம். அசைவம் வேண்டுமென்றால் அதே பகுதியில் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் உணவங்காடி. ஆனால் அங்கே மின்விசிறிதான், குளிர்சாதனம் கிடையாது. நேரமும் தெம்பும் இருந்தால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் அரை மணி நேரம் செலவிடலாம், திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் பயணம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பிற்பகலுக்கு மேல் தேக்காவில் இருக்காதீர்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. ஊர்க்காரர்களைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் அவர்கள் கூடும் இடம் அது. நடைபாதையில் கால்வைக்க இடம் இருக்காது.

லிட்டில் இந்தியாவின் பெரிய கடையான முஸ்தபாவுக்குப் போகாமல் வர மாட்டீர்கள் என்று தெரியும். போங்கள், ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரே முன்பதிவு என்றால் உங்கள் பெரிய பெட்டி ஏற்கெனவே மெல்பர்னுக்குப் பதிவாகியிருக்கும். வாங்குவதெல்லாம் கைப்பையில்தான் போகும். நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய், ஊறுகாய், வாசனைத் தைலம் எதுவும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் அந்தச் சோதனை விமானத்தின் வாயிலருகே நடப்பதால், கடைசி நிமிடத்தில்தான் அவற்றைக் குப்பைத்தொட்டியில் போட நேரும். தின்பண்டங்களை ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் தவறாமல் அறிவிக்க வேண்டும். பழமும் விதையும் வாங்கவே வேண்டாம்.

வெளியே போகும்போது கைப்பையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் அப்போது நீங்கள் சிங்கப்பூர்ச் சுங்கத்தைக் கடக்கிறீர்கள். சூயிங்கம், மின்சிகரெட், மெல்லும் புகையிலை எல்லாம் தடைசெய்யப்பட்டவை. சாதாரண சிகரெட்டுக்கும் வரிவிலக்கு இல்லை. ஒன்றே ஒன்று என்றாலும் வரி கட்ட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் குருமாவுக்கு எடுத்துப்போகும் கசகசா அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் என்பது பலருக்குத் தெரியாது. மகளுக்கோ மருமகளுக்கோ அம்மா மசாலாப் பொருள் கட்டிக்கொண்டு வருவார் என்றால் இதை அவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுப்பவராக இருந்தால், அதற்கு முன்னனுமதி வேண்டுமா என்று சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் மருத்துவரின் சீட்டு கையில் இருக்கட்டும்.

ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது ரயில் வேண்டாம், டாக்சி எடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், அம்மாவும் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். டாக்சிக்காரரிடம் முனையத்தின் எண்ணைச் சொல்லாமல் ஜுவல் என்று சொல்லுங்கள். 2019-இல் திறந்த அந்தக் கண்ணாடிக் கூடத்தின் நடுவில் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. அது குடிநுழைவுக்கு வெளியே இருப்பதால் டிரான்சிட்டுக்குள் போவதற்கு முன் பார்ப்பதுதான் சரி. காலையில் இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்; பத்து, பதினொரு மணிக்கு முன் தண்ணீர் திறப்பதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குடிநுழைவைக் கடந்து உள்ளே போனால், டிரான்சிட் ஹோட்டலில் மணிக்கணக்கில் அறை கிடைக்கும். இதைச் சென்னையிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள், பிற்பகலில் நேரில் கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம். மூன்று மணி முதல் ஏழு மணி வரை அம்மா நீட்டிப் படுத்தால், அடுத்த ஏழு, ஏழரை மணி நேரப் பறப்பு பெரிதாகத் தெரியாது. அவர் தூங்கும் நேரத்தில் உங்களுக்கு மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது.

கரையோரப் பூந்தோட்டங்களில் மரம்போல் எழுப்பிய உயரமான கோபுரங்களின் ஒளிக்காட்சியைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அது 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கிறது, இரண்டாவது காட்சி தொடங்கும்போது உங்கள் விமானம் ஓடுபாதையில் இருக்கும். பகலில் அந்த மரங்களைப் பார்க்கலாம், ஆனால் நிழலில்லாத நடை அதிகம். கோயில்களில் அம்மாவுக்கு அவ்வளவு நாட்டமில்லை என்றால் மட்டும் சைனாடவுனுக்குப் பதிலாக பேஃபிரண்ட் போய், குளிர்சாதனம் உள்ள மலர்க்கூடத்துக்கும் மேகக்காட்டுக்கும் கட்டணம் கட்டி, உள்ளேயே இரண்டு மணி நேரம் இருங்கள்.

இவ்வளவையும் தனியே ஏற்பாடு செய்யத் தயக்கமாக இருந்தால், ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்குள்ளும் இடைவெளி உள்ள பயணிகளுக்காக விமான நிலையமே நடத்தும் இலவச நகர்ச்சுற்றுலா ஒன்று உண்டு. இரண்டரை மணி நேரம், பேருந்தில், வழிகாட்டியோடு. மேலே சொன்ன விசா நிபந்தனைகள் அதற்கும் பொருந்தும். இணையத்தில் முன்பதிவு செய்யலாம். நேரில் போனால் இடம் கிடைப்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. அவர்கள் கொண்டுபோகும் தடங்கள் அவ்வப்போது மாறும், எந்த இடத்திலும் நிதானமாக நிற்க விடமாட்டார்கள். ஆனாலும் இறங்கி ஏறும் வேலை மட்டும்தான் என்பதால், நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி பதிவு செய்திருந்தால், ஊழியர் விமானத்திலிருந்து டிரான்சிட் பகுதிவரை அழைத்துப்போவார். வெளியே போய் வந்தபின் இரண்டாவது விமானத்துக்கு அந்த உதவியை மறுபடி கேட்டுப் பெற வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு, எந்த முகப்பில் வந்து கேட்க வேண்டும் என்பதைக் காலையில் அழைத்து வரும் ஊழியரிடமே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.